பேக்கேஜா, நாமளே புக் பண்றதா? சிங்கப்பூரை வச்சு ஒரு கணக்கு

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோட் ஒரே ஒரு கேள்விக்கான பதில். கொஞ்ச நாளா இன்பாக்ஸ்ல திரும்பத் திரும்ப வர்ற கேள்வி இது. "ப்ரோ, அப்பா அம்மாவை முதல் தடவையா வெளிநாடு கூட்டிட்டுப் போறேன். சிங்கப்பூர், 4 நைட்ஸ் 5 டேஸ். ஏஜென்ட் ஒரு ரேட் சொல்றார். நானே போட்டுப் பார்த்தா கம்மியா வர்ற மாதிரி தெரியுது. எதை எடுக்கட்டும்?"

இந்த ஊருக்கு நான் ரெண்டு விதமாவும் போயிருக்கேன். 2022-ல ரெண்டு ஃபிரெண்ட்ஸோட, எல்லாத்தையும் நாங்களே புக் பண்ணி. 2024-ல அப்பா அம்மாவோட, முழு பேக்கேஜ்ல. ரெண்டு தடவையும் ஏதோ ஒண்ணு சொதப்புச்சு. அந்த ரெண்டு சொதப்பலும் வேற வேற ரகம். இன்னைக்கு நான் சொல்லப்போற விஷயமே அந்த வித்தியாசத்துல இருந்துதான் வருது.

பேக்கேஜ்ல நாம என்ன வாங்குறோம்?

பேக்கேஜ்ங்கறது புது ஐடியா இல்ல. 1841 ஜூலையில இங்கிலாந்துல தாமஸ் குக், லெஸ்டர்ல இருந்து லஃப்பரோவுக்கு ஒரு தனி ரயில் ஏற்பாடு பண்ணி, தலைக்கு ஒரு ஷில்லிங்னு சுமார் 500 பேரைக் கூட்டிட்டுப் போனார். மொத்தமா ஆளைச் சேர்த்தா ரயில்வேகிட்ட ரேட் பேசலாம். இன்னைக்கு வரைக்கும் அடிப்படை அதேதான். பேக்கேஜ் கம்பெனி ஃபிளைட்ல சீட்டு, ஹோட்டல்ல ரூம், டிக்கெட், பஸ் எல்லாத்தையும் மொத்த விலையில பேசி வாங்கி, ஒரே விலையாக் கட்டி நமக்கு விக்குது.

இதுல ஹோட்டலுக்கும் ஒரு லாபம் இருக்கு. சீசன் இல்லாத மாசம் பாதி ரூம் காலியா கிடக்குதுன்னு வைங்க. ரேட்டை வெளிப்படையாக் குறைச்சா, முழு விலை கொடுக்கத் தயாரா இருக்கிறவங்களும் குறைஞ்ச விலைக்கே வருவாங்க. அதனால குறைச்ச ரேட்டைப் பேக்கேஜுக்குள்ள ஒளிச்சு வச்சிடலாம். ஃபிளைட்டும் டிக்கெட்டும் சேர்ந்த மொத்த விலையில ரூம் எவ்வளவுன்னு நமக்குத் தெரியாது. சில நேரம் பேக்கேஜ் நிஜமாவே மலிவா வர்றதுக்குக் காரணம் இதுதான். அது ஏமாத்து வேலை இல்ல.

இன்னொரு பக்கமும் இருக்கு. உள்ளே என்ன விலைன்னு தெரியாததால, நமக்குத் தேவையே இல்லாத ஒண்ணையும் சேர்த்துக் கட்டி வித்துடலாம். சிங்கப்பூர் மாதிரி ஊர்ல இது முக்கியமான பாயிண்ட். ஏன்னு பின்னாடி சொல்றேன்.

ரேட்டை ஒப்பிடறதுக்கு முன்னாடி

ஏஜென்ட் சொன்ன ரேட்டையும் நீங்க ஆப்ல பார்த்த ரேட்டையும் அப்படியே பக்கத்துல வைக்காதீங்க. ரெண்டும் ஒரே பொருள் இல்ல. முதல்ல இந்த அஞ்சையும் சரி பண்ணுங்க.

முதலாவது, "தலைக்கு இவ்வளவு". பேக்கேஜ் ரேட் பெரும்பாலும் ட்வின் ஷேரிங் கணக்கு. அதாவது ஒரு ரூம்ல ரெண்டு பேர். அப்பா, அம்மா, நீங்கன்னு மூணு பேர்னா உங்களுக்கு எக்ஸ்ட்ரா பெட்டா, தனி ரூமான்னு கேளுங்க. தனி ரூம்னா உங்க ஒருத்தர் ரேட் மட்டும் நல்லாவே ஏறும். போஸ்டர்ல இருக்கிற தொகையை மூணால பெருக்கிட்டு சந்தோஷப்படக் கூடாது.

ரெண்டாவது, ஹோட்டல் விலைக்குப் பின்னாடி வர்ற பிளஸ் பிளஸ். சிங்கப்பூர்ல நிறைய ஹோட்டல், ரெஸ்டாரண்ட்ல விலைக்குப் பக்கத்துல ரெண்டு கூட்டல் குறி போட்டிருப்பாங்க. 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ், அதுக்கு மேல 9 சதவீதம் ஜிஎஸ்டின்னு அர்த்தம். 100 டாலர் முதல்ல 110 ஆகும், அதுக்கு மேல வரி சேர்ந்து 119 டாலர் 90 சென்ட். ஆப்ல முதல் பக்கத்துல தெரியற விலையை நம்பாம, பணம் கட்டற பக்கம் வரைக்கும் போய்ப் பாருங்க. "இன்னும் ஒரு ரூம்தான் பாக்கி"ன்னு சிவப்பு எழுத்துல வந்தாலும் பதறாதீங்க. இல்லாத அவசரத்தைக் காட்டறது, கடைசிப் பக்கத்துல விலையை ஏத்தறது மாதிரி 13 வகை தந்திரங்களை 2023 நவம்பர்ல நம்ம மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பட்டியல் போட்டுத் தடை பண்ணியிருக்கு. தடை பண்ணினதால அது காணாமப் போயிடல.

மூணாவது, டிசிஎஸ். வெளிநாட்டு டூர் பேக்கேஜ் வாங்கினா, விக்கிறவர் நம்மகிட்ட ஒரு வரியைச் சேர்த்து வசூலிச்சு அரசுக்குக் கட்டணும். 2020 அக்டோபர்ல 5 சதவீதமா ஆரம்பிச்சது. அப்புறம் விகிதம் சில தடவை மாறியிருக்கு. அதனால நீங்க புக் பண்ற அன்னைக்கு என்ன விகிதம்னு இன்வாய்ஸ்ல பாருங்க. ஃபிளைட், ஹோட்டல், மத்த செலவு, இதுல குறைஞ்சது ரெண்டு ஒண்ணாச் சேர்ந்தாதான் அது பேக்கேஜ். வெறும் ஃபிளைட் டிக்கெட்டையோ வெறும் ஹோட்டலையோ தனியா வாங்கினா இந்த வரி வராது.

இது செலவு இல்ல. ரிட்டர்ன் ஃபைல் பண்ணும்போது உங்க வரியில கழிச்சுக்கலாம், இல்லன்னா ரீஃபண்டா வரும். ஆனா யாரோட பான் நம்பர் கொடுக்கறீங்கங்கறது முக்கியம். ரிட்டர்ன் ஃபைல் பண்ணாத அப்பாவோட பான் கொடுத்தா, அந்தப் பணத்தைத் திரும்ப வாங்கறதுக்காகவே அவர் ஃபைல் பண்ணணும். நான் இந்தத் தப்பைப் பண்ணினேன். நீங்க பண்ணாதீங்க.

நாலாவது, நாமளே புக் பண்ணும்போது கண்ணுக்குத் தெரியாத செலவு. சாதாரண கிரெடிட் கார்டுல வெளிநாட்டுப் பணத்துல செலவு பண்ணினா, நிறைய கார்டுகள்ல சுமார் 3.5 சதவீதம் ஃபாரக்ஸ் மார்க்அப், அதுக்கு மேல ஜிஎஸ்டி. அந்த ஊர்க் கடையில "ரூபாய்ல கட்டறீங்களா, டாலர்லயா?"ன்னு மெஷின் கேட்டா டாலர்னு சொல்லுங்க. ரூபாய்னு சொன்னா கடைக்காரரோட பேங்க் அவங்க இஷ்டத்துக்கு ஒரு ரேட் போடும்.

அஞ்சாவது, நாளை எண்ணாதீங்க, மணி நேரத்தை எண்ணுங்க. சென்னையில இருந்து நிறைய ஃபிளைட் ராத்திரி கிளம்பும். பயணம் நாலு நாலரை மணி நேரம், நேர வித்தியாசம் ரெண்டரை மணி நேரம். காலையில தூக்கம் இல்லாத கண்ணோட இறங்குவீங்க. ஹோட்டல் செக்-இன் பெரும்பாலும் மதியம் ரெண்டு இல்ல மூணு மணி. பேக்கேஜ்ல அந்த முதல் நாள் "வருகை, ஓய்வு"ன்னு ஒரு வரியில முடிஞ்சிருக்கும். கடைசி நாளும் அப்படித்தான். அஞ்சு நாள்னு போட்டிருக்கிறதுல முழுசா ஊர் சுத்தறது மூணு நாள்தான். நீங்களே புக் பண்ணினாலும் இதே கணக்குதான், ஆனா ஃபிளைட் நேரத்தைத் தேர்ந்தெடுக்கறது உங்க கையில இருக்கும்.

இந்த ஊர்லயே பாதி வேலை முடிஞ்சிருக்கு

இப்ப பேக்கேஜ்ல தேவையில்லாததைக் கட்டி விக்கிற விஷயத்துக்கு வரேன். நான் சாஃப்ட்வேர் ஆளு. எங்க வேலையில ஒவ்வொரு பகுதியும் தனித்தனியா நல்லா ஓடும். ரெண்டும் சேர்ற இடத்துலதான் உடையும். டிராவலும் அப்படியே. ஏர்போர்ட்டுக்கும் ஹோட்டலுக்கும் நடுவுல, ஹோட்டலுக்கும் பார்க்கிற இடத்துக்கும் நடுவுலதான் பிரச்சனை. பேக்கேஜ் கம்பெனி அந்த இணைப்பு வேலையைச் செய்யத்தான் காசு வாங்குது. லடாக் மாதிரி இடத்துல அந்த வேலைக்கு நிஜமான மதிப்பு உண்டு. வண்டி, பர்மிட், ரோடு நிலவரம்னு எல்லாமே கஷ்டம்.

சிங்கப்பூர்ல அந்த வேலையை ஊரே செஞ்சு வச்சிருக்கு. ஏர்போர்ட்லயே எம்ஆர்டி ரயில் நிக்குது. கான்டாக்ட்லெஸ் பேங்க் கார்டு இருந்தா ரயில்லயும் பஸ்லயும் அதைத் தட்டிட்டே போகலாம். ஆளுக்கு ஒரு கார்டு வேணும், கிளம்பும் முன்னாடி இன்டர்நேஷனல் கான்டாக்ட்லெஸ்ஸை ஆன் பண்ணிக்கணும், அவ்வளவுதான். குழாய்த் தண்ணியைக் குடிக்கலாம். போர்டுகள்ல பல இடத்துல தமிழே இருக்கு, அங்க அது ஆட்சி மொழிகள்ல ஒண்ணு.

அடுத்து, டூர் லிஸ்ட்ல இருக்கிறதுல எத்தனை இலவசம்னு பாருங்க. மெர்லயன் சிலை இருக்கிற பார்க் இலவசம். கார்டன்ஸ் பை த பேல அந்தப் பெரிய சூப்பர்ட்ரீ மரங்களுக்குக் கீழ நடக்கறதும், ராத்திரி 7.45-க்கும் 8.45-க்கும் நடக்கிற லைட் ஷோவும் இலவசம். கண்ணாடிக் கூடாரத்துக்கும் மேல இருக்கிற நடைபாதைக்கும்தான் டிக்கெட். மரினா பேல நடக்கிற தண்ணீர் லைட் ஷோ இலவசம். 2015-ல யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமா அறிவிச்ச பொட்டானிக் கார்டன்ஸ் இலவசம், அதுல ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும்தான் கட்டணம். சென்டோசா தீவுக்கு மரப்பாதை வழியா நடந்தே போகலாம், ரயில்ல போனா 4 டாலர்.

ஏஜென்ட் கொடுக்கிற "ஹாஃப் டே சிட்டி டூர்" லைனை எடுத்து, இந்த லிஸ்டோட ஒப்பிடுங்க. அதுல இருக்கிற இடங்கள்ல பாதிக்கு டிக்கெட்டே கிடையாது. அங்க நீங்க காசு கொடுக்கறது பஸ்ஸுக்கும் கைடுக்கும். அது வேணும்னா தாராளமா வாங்குங்க. ஆனா எதுக்குக் கொடுக்கறோம்னு தெரிஞ்சு கொடுங்க.

நாமளே செய்ய முடியாத ஒண்ணும் இருக்கு. இந்திய பாஸ்போர்ட்டுக்கு விசா வேணும். அங்க தெரிஞ்சவங்க யாராவது நமக்காக விண்ணப்பிக்கணும், இல்லன்னா இங்க இருக்கிற அங்கீகரிக்கப்பட்ட ஏஜென்ட் வழியாப் போகணும். ஆனா விசாவுக்காக மொத்தப் பேக்கேஜும் எடுக்கணும்னு இல்ல. விசா மட்டும் பண்ணிக் கொடுக்கறவங்க உண்டு. அரைவல் கார்டு மட்டும் இறங்கறதுக்கு மூணு நாளுக்குள்ள ஆன்லைன்ல நாமளே போடறது. அது முழுக்க இலவசம். காசு கேட்கிற வெப்சைட் வந்தா அது அரசாங்க சைட் இல்ல, மூடிட்டு வெளிய வாங்க.

ரெண்டு சொதப்பல்

இப்ப என் கதை. 2022-ல நாங்க மூணு பேரும் காலையில இறங்கி ஊரெல்லாம் சுத்திட்டு, சாயங்காலம் செக்-இன் பண்ணப் போனோம். ரிசப்ஷன்ல, "உங்க பேர்ல ரூம் இல்ல." மொபைல்ல கன்ஃபர்மேஷன் இருக்கு, காசும் போயாச்சு. ஹோட்டல்ல "புக்கிங் சைட்டைக் கேளுங்க"ன்னாங்க. சைட்ல சாட்ல வந்தவர் "ஹோட்டலைக் கேளுங்க"ன்னார். ரெண்டு மணி நேரம் பையை வச்சுக்கிட்டு லாபியில. கடைசியில வேற ஹோட்டல்ல அன்னைக்கு ரேட்டுக்கு ரூம் போட்டோம். ரீஃபண்ட் வர நாப்பது நாள் ஆச்சு. நாங்க 24, 25 வயசுப் பசங்க. சிரிச்சுக்கிட்டே ராத்திரி தெக்கா சென்டர்ல சாப்பிட்டோம், மறந்துட்டோம். ஆனா அந்த லாபியில எங்கம்மா உட்கார்ந்திருந்தா எப்படி இருந்திருக்கும்னு அன்னைக்கே தோணுச்சு. 2024-ல பேக்கேஜ் எடுத்ததுக்கு அந்த நினைப்புதான் காரணம்.

பேக்கேஜ்ல ஏர்போர்ட்ல பேர் போட்ட போர்டோட ஆள் நின்னார். ராத்திரி சாப்பாட்டுல ரசம் இருந்துச்சு. அப்பாவுக்கு அதுவே போதும். ஆனா டிரான்ஸ்ஃபர் எல்லாம் சீட் இன் கோச். அதாவது நமக்குன்னு வண்டி இல்ல, பல ஹோட்டல்ல இருந்து ஆளை ஏத்திக்கிட்டுப் போற பொது பஸ். காலையில ஏழரைக்கு லாபியில நில்லுங்கம்பாங்க, எட்டே காலுக்கு வரும்.

அம்மா இந்த டிரிப்ல ஆசைப்பட்டுக் கேட்டது ஒண்ணே ஒண்ணு. வீரமாகாளியம்மன் கோயில்ல ஒரு அர்ச்சனை. சிராங்கூன் ரோட்டுல இருக்கு, லிட்டில் இந்தியா ஸ்டேஷன்ல இறங்கினா நடக்கிற தூரம். சிட்டி டூர் பஸ் அந்த வழியாத்தான் போச்சு. கைடு மைக்ல "இடது பக்கம் பாருங்க"ன்னு சொன்னார். அம்மா கண்ணாடி வழியாவே கையெடுத்துக் கும்பிட்டாங்க. பஸ் நிக்கல. ஆனா கொஞ்ச நேரத்துல ஒரு சாக்லேட் கடையில முக்கால் மணி நேரம் நின்னுச்சு. சில டூர்ல இந்தக் கடை நிறுத்தத்துக்கு கமிஷன் உண்டு. அட்டவணையில அதுவும் ஒரு இடமா எழுதியிருக்கும்.

மறுநாள் போய்க்கலாம்னு நினைச்சேன். அன்னைக்கு ராத்திரியே அம்மாவுக்கு வாந்தி, காய்ச்சல். மணி பதினொண்ணு. பேக்கேஜ்ல கொடுத்த நம்பருக்குப் போன் பண்ணினேன். அரை மணி நேரத்துல அவங்க உள்ளூர் ஆள் ஒருத்தர் வண்டியோட வந்தார், தமிழ்ல பேசினார், ராத்திரி திறந்திருக்கிற கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனார். மறுநாள் டூரை மாத்திக் கொடுத்தார். பில்லை நான் கட்டினேன், இன்ஷூரன்ஸ்ல பின்னாடி வந்துச்சு. அந்த ராத்திரி அவர் வந்ததுக்கு என்ன விலைன்னு நான் எந்த எக்செல் ஷீட்லயும் போடல.

ஊர் திரும்பினப்புறம் சித்தி போன்ல கேட்டப்ப அம்மா சொன்னது, "நல்லாப் பார்த்துக்கிட்டாங்க. ஆனா எங்க போனோம்னு கேட்டா சொல்லத் தெரியல."

அப்ப எதை எடுக்கறது?

நான் புரிஞ்சுக்கிட்டது இதுதான். பேக்கேஜ்ல நீங்க வாங்கறது தள்ளுபடி இல்ல, பொறுப்பு. ஒண்ணு தப்பாப் போனா கூப்பிட ஒரு நம்பர். அதுக்கு விலையாக் கொடுக்கறது பணம் மட்டும் இல்ல, உங்க நேரத்தோட கட்டுப்பாடும்தான். நாமளே புக் பண்ணினா நேரம் நம்மளது, தப்பும் நம்மளது.

அந்தப் பொறுப்பு எவ்வளவு கெட்டியானதுன்னும் பார்க்கணும். 2019 செப்டம்பர்ல பிரிட்டன்ல தாமஸ் குக் கம்பெனி திவாலாச்சு. வெளிநாட்டுல மாட்டிக்கிட்ட சுமார் ஒன்றரை லட்சம் பேரை அந்த நாட்டு அரசாங்க அமைப்பு ஃபிளைட் வச்சுத் திரும்பக் கூட்டிட்டு வந்துச்சு. காரணம், அங்க பேக்கேஜ் விக்கிறவங்க ஒரு பாதுகாப்புத் திட்டத்துல சேர்ந்திருக்கணும். நம்ம ஊர்ல அப்படி ஒரு வலை இல்ல. இங்க நமக்கு இருக்கிறது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். நாம குடியிருக்கிற ஊர்லயே கேஸ் போடலாம். அதுக்கு முன்னாடி 1915-ங்கற ஹெல்ப்லைன்ல புகார் கொடுக்கலாம். அதனால இன்வாய்ஸ் ஒழுங்கா இருக்கணும். ஹோட்டல் பேர், ரூம் வகை, டிரான்ஸ்ஃபர் வகை, கேன்சல் பண்ணினா எவ்வளவு போகும், எல்லாம் எழுத்துல. "அல்லது அதற்கு இணையான ஹோட்டல்"னு இருந்தா, எந்த ஹோட்டல்கள்னு பேர் கேட்டு மெயில்ல வாங்குங்க.

நாமளே புக் பண்றவங்களுக்கும் இதே பாடம். 2023 மே மாசம் கோ ஃபர்ஸ்ட் விமானங்கள் திடீர்னு நின்னுச்சு. ஃபிளைட் போனதால ஹோட்டல்காரர் காசைத் திருப்பிக் கொடுக்கணும்னு எந்தக் கட்டாயமும் கிடையாது. தனித்தனியா வாங்கினா ஒவ்வொண்ணும் தனி ஒப்பந்தம். அதனால கொஞ்சம் அதிகமானாலும் கேன்சல் பண்ண முடியற ரூமா எடுங்க. முடிஞ்சா ஹோட்டல் சைட்லயே நேரடியா போடுங்க. கிளம்பறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி ஹோட்டலுக்கு மெயில் அனுப்பி "என் புக்கிங் உங்க சிஸ்டம்ல இருக்கா?"ன்னு கேளுங்க. 2022-ல அந்த ஒரு மெயில் அனுப்பியிருந்தா எனக்கு லாபி கதையே இருந்திருக்காது. டிராவல் இன்ஷூரன்ஸை எந்த வழியில போனாலும் விடாதீங்க.

முடிவு எடுக்க நாலு கேள்வி போதும். கூட வர்றவங்க ரெண்டு மணி நேரம் லாபியில காத்திருக்க முடியுமா? அந்த ஊர்ல வண்டி இல்லாம சுத்த முடியுமா? ராத்திரி பதினொண்ணுக்குப் பிரச்சனைன்னா சமாளிக்க குரூப்ல ஒருத்தர் இருக்காரா? இந்த டிரிப்ல கட்டாயம் பார்த்தே ஆகணும்னு யாருக்காவது ஒரு இடம் இருக்கா? நாலாவது கேள்விக்கு ஆமான்னா, அது அட்டவணையில எழுத்துல இருக்கான்னு பாருங்க. இல்லன்னா அந்தப் பேக்கேஜ் உங்களுக்கானது இல்ல.

இளவட்ட குரூப், மூணு நாலு பேர், சிங்கப்பூர் மாதிரி ஊர்னா, கண்ணை மூடிட்டு நீங்களே போடுங்க. பெரியவங்களோடன்னா நான் இப்ப சொல்றது கலவை. ஃபிளைட், ஹோட்டல் நாமளே. ஹோட்டல் எம்ஆர்டி பக்கத்துல, முடிஞ்சா லிட்டில் இந்தியாவைச் சுத்தி. விசா ஏஜென்ட்கிட்ட. ஏர்போர்ட் பிக்கப்புக்கும் நைட் சஃபாரிக்கும் மட்டும் தனி வண்டி. நைட் சஃபாரி ஊருக்கு வெளிய மண்டாய்ல, முடிய ராத்திரி ஆகும். வயசானவங்களை அந்த நேரத்துல பஸ் மாறி, ரயில் மாறிக் கூட்டிட்டு வர வேண்டாம். யுனிவர்சல் ஸ்டுடியோஸ் மாதிரி இடங்களுக்கு டிக்கெட் மட்டும் வாங்கினா போதும். ஒரு நாளை முழுசா காலியா விட்டுடுங்க. காய்ச்சல் வந்தாலும் அந்த நாள் இருக்கும், கோயிலுக்குப் போகணும்னாலும் அந்த நாள் இருக்கும்.

அடுத்த வருஷம் பொங்கல் லீவுக்கு அப்பா அம்மாவோட மறுபடியும் போறோம். இந்தத் தடவை ஷீட்ல முதல் வரியே சிராங்கூன் ரோடு. காலையில அர்ச்சனை, அப்புறம் கோமள விலாஸ்ல டிபன். அதுக்கப்புறம் என்னன்னு அம்மாவைக் கேட்டேன். "அப்புறம் அங்கயே கொஞ்ச நேரம் நடக்கலாம்டா"ன்னாங்க. மத்த கட்டத்தை அப்படியே காலியா விட்டுட்டேன்.

உங்களுக்கு இதுல வேற அனுபவம் இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல போடறோம். பத்திரமா போயிட்டு வாங்க மக்களே.